ஆலங்குளத்து அடுப்படி

சிவகாசி வட்டாரத்தில் வீட்டுச் சாமான் வியாபாரம் இரண்டு பருவங்களை நம்பி நடக்கிறது. கல்யாண மாதங்கள் ஒன்று. தீபாவளிக்கு முன்னால் பட்டாசு ஆலைகளில் போனஸ் கைக்கு வரும் நாட்கள் இன்னொன்று. முதலாவதில் அண்டா, குடம், மிக்ஸி, கிரைண்டர், பீரோ என்று சீர்வரிசை மொத்தமாக வண்டியேறும். இரண்டாவதில், ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்டு வந்த ஒரே ஒரு பொருள் வீட்டுக்கு வரும். பெரும்பாலும் அது அடுப்படிக்கான பொருளாகத்தான் இருக்கும். தீபாவளி கழிந்து, ஆலைகள் மறுபடி திறக்காமல் இருந்த நாட்களில் நான் ஆலங்குளத்துக்குப் போனேன். பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் இந்தப் பக்கம் அதுதான் சமயம்.

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், வெம்பக்கோட்டை வட்டம். ராஜபாளையத்தில் இறங்கி, அங்கிருந்து கீழராஜகுலராமன் வழியாகப் பேருந்து பிடித்தேன்.

பேருந்துக்கு நேரம் இருந்ததால் ராஜபாளையத்தில் ஒரு மாடுலர் கிச்சன் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று மாதிரி அடுப்படிகள்: எல் வடிவம், யூ வடிவம், எதிரெதிர் மேடை. இழுப்பறையைத் தள்ளிவிட்டால் கடைசி இரண்டு அங்குலத்தைத் தானே மெல்ல மூடிக்கொள்கிறது. கடைக்காரத் தம்பி விவரம் தெரிந்தவர். எந்தப் பலகை தண்ணீரில் ஊதிப்போகும், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஏன் மரைன் பிளை மட்டுமே போட வேண்டும், பணம் இல்லாதவர்கள் ஏன் அலுமினியச் சட்டத்தில் பிவிசி பலகை வைத்துச் செய்துகொள்வது நல்லது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கரையான் உள்ள கரிசல் பூமியில் அந்தக் கடைசி யோசனை மிகச் சரியானது.

“மேடை உயரம் எவ்வளவு வைப்பீங்க தம்பி?”

“ஸ்டாண்டர்டு 34 இன்ச், மேடம். கம்பெனி கேபினட்டா போட்டா 36 வரும்.”

“கிரைண்டர் எங்க வைக்கிறது?”

அவர் மாதிரி அடுப்படியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். காபி மெஷினுக்கு இடம் இருந்தது, மைக்ரோவேவுக்குப் பொந்து இருந்தது, தட்டுக்கும் கரண்டிக்கும் தனித்தனி அறை இருந்தது. “அதை யூட்டிலிட்டில வச்சுக்கலாம் மேடம்” என்றார்.

இந்தப் பதிலை நான் மதுரையிலும் கேட்டிருக்கிறேன், சென்னையிலும் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டு அடுப்படியைத் தமிழ்நாட்டு அடுப்படியாக்கிய யந்திரத்துக்கு, அடுப்படி என்று விற்கப்படும் பொருளுக்குள் இடம் இல்லை. கோயம்புத்தூரில் 1955-இல் பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பொருத்தி வெட் கிரைண்டரை உருவாக்கினார். குழவி சுற்றுவதற்குப் பதில் கல் சுற்றும்படி மாற்றியதுதான் அதன் சூட்சுமம். பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது அந்த ஊர் கிரைண்டர். மிக்ஸிக்கும் இப்படியொரு கதை உண்டு. மேல்நாட்டு யந்திரங்கள் மாவையும் ஊறவைத்த பருப்பையும் அரைக்க முடியாமல் மோட்டார் புகைந்தபோது, நம் அரவைக்கென்றே வலுவான மோட்டாரோடு 1963-இல் சுமீத் வந்தது. 1978-இல் சென்னையிலிருந்து பிரீத்தி வந்தது. நம் பொறியாளர்கள் நம் சட்னியையும் நம் மாவையும் பார்த்து யந்திரம் செய்தார்கள். அந்த யந்திரங்கள் நிற்க வேண்டிய மேடையை மட்டும் நாம் இன்னொரு நாட்டு அளவில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பேருந்து கீழராஜகுலராமனைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது; மக்காச்சோளமும் பருத்தியும் கறுத்த மண்ணில் நின்றன. முன் இருக்கையில் ஒரு பெண் மடியில் புதுக் குக்கர் பெட்டி. எடுத்து வைக்க இடம் இருந்தும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

ஆலங்குளத்தின் அடையாளம் சிமெண்டு ஆலை. 1970-களின் தொடக்கத்தில் வந்த அரசாங்க ஆலை அது. 1976-இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் உருவானதும் அதன் கைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல் இருந்ததால் ஆலை வந்தது, ஆலை வந்ததால் குவார்ட்டர்ஸ் வந்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்கள் நின்றுகொண்டு சமைக்கும் மேடையை முதலில் பார்த்தது அந்தக் குவார்ட்டர்ஸில்தான் என்று, ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரின் மனைவி சொன்னார். எழுபதைத் தாண்டியவர்.

“கல்யாணம் ஆகி வந்தப்ப எனக்கு நின்னுக்கிட்டுச் சமைக்கத் தெரியாது தாயி. எங்க அம்மா பார்க்க வந்தாக. அடுப்பு இடுப்பு உசரத்துல இருக்கு, நீ என்ன பந்தியிலயா நிக்கிறன்னு கேட்டாக. மூணு மாசம் மேடைக்குக் கீழ உக்காந்து விறகடுப்புலதான் சமைச்சேன். அப்புறம் ஸ்டவ் வந்துச்சு, ஏறிட்டேன்.”

ஒரு கடப்பாக் கல், அதைத் தாங்கும் இரண்டு சுவர், மேலே ஒரு சன்னல், பக்கத்தில் கழுவும் தொட்டி, தலைக்கு மேல் சிமெண்டுப் பலகையில் பரண். தொழிலாளி வீட்டுக்கு ஆலையே அளவு போட்டுக் கட்டிக் கொடுத்த அடுப்படி. இன்று கண்ணாடிக் கடையில் விற்கும் ஆடம்பரத்தின் பூர்வீகமும் இப்படிப்பட்ட இடம்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் வீட்டுத் தட்டுப்பாடு. நகராட்சி, கட்டடக் கலைஞர் ஏர்ன்ஸ்ட் மாய் தலைமையில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றுக்கான அடுப்படியை வடிவமைக்கும் வேலை மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்ணிடம் வந்தது. ஆண்டு 1926. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அதற்குள் எல்லாம். சமையலில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கிறோம், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்து அவர் பொருள்களை அடுக்கினார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு ஓக் மரப் பெட்டி, அதில் புழு அண்டாது என்பதால். சன்னலடியில் காய் நறுக்கும் பலகை, தோலையும் காம்பையும் அப்படியே தள்ளிவிட அதில் ஒரு பள்ளம். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அந்த அடுப்படி பொருத்தப்பட்டது. இன்று உலகம் முழுக்க விற்கும் மாடுலர் கிச்சனுக்கெல்லாம் அதுதான் மூதாதை.

அதில் என்னை மிகவும் பாதித்த பொருள் ஒன்று உண்டு: உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க ஒரு சுழல் முக்காலி. ஆலையிலோ அலுவலகத்திலோ நாளெல்லாம் உழைத்துவிட்டு வரும் பெண் உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும் என்று லிஹோட்ஸ்கி நினைத்திருக்கிறார். ராஜபாளையத்துக் கடையில் மூன்று மாதிரிகளைப் பார்த்தேன். எதிலும் உட்கார இடம் இல்லை.

ஊருக்குள் ஒரு தெருவில், பட்டாசு ஆலையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கும் ஒரு அக்காவின் வீட்டில் அன்று பகல் இருந்தேன். முன்னறை ஒன்று, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் குளிக்க மறைப்பு. வேலை நாட்களில் விடியுமுன் எழுந்து சோறும் குழம்பும் வைத்துத் தூக்குச்சட்டியில் அடைத்து, ஆலை வேனுக்குப் போய் நிற்பார். திரும்ப மாலையாகிவிடும். அடுப்படியில் இரட்டை பர்னர் கேஸ் அடுப்பு, சன்னல் ஓரம் மிக்ஸி, தரையில் கோணிச்சாக்கின் மேல் கிரைண்டர், சுவரோரம் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக. எவர்சில்வர் பாத்திரங்கள் ஒவ்வொன்றிலும் கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்த பெயர். மகளின் கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டி வாங்கியவை தனியே பரணில், செய்தித்தாள் சுற்றியபடி.

மிக்ஸியும் கிரைண்டரும் அரசு கொடுத்தவை. 2006-இல் வந்த தி.மு.க. ஆட்சி இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கினார். அரிசி அட்டை வைத்திருந்த சுமார் 1.85 கோடிக் குடும்பங்கள் இலக்கு. ஓட்டுக்காகக் கொடுத்தது என்று அதை ஒரு சொல்லில் தள்ளிவிடுபவர்கள் இந்த அடுப்படியில் ஒரு காலை நேரம் நின்று பார்க்க வேண்டும். அம்மியில் அரைத்தால் அரை மணி. மிக்ஸியில் மூன்று நிமிடம். மிச்சமாகும் நேரத்தில் அவர் தூங்குகிறார். ஐந்து மணிக்கு எழும் ஒரு உடம்புக்கு இருபத்தேழு நிமிடத் தூக்கம் எவ்வளவு பெரிது! திட்டம் வந்த காலத்தில் மாநிலம் முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது என்பதும் உண்மை. “கரண்டு வர்ற நேரத்துக்கு எந்திரிச்சு அரைப்போம்” என்றார் அக்கா. நள்ளிரவில் தெரு முழுக்க மிக்ஸிச் சத்தம் கேட்டதாம்.

மின்சாரச் செலவைப் பற்றி அவருக்கு ஒரு பயம் இருந்தது. சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். 550 வாட் மிக்ஸி நாளைக்குப் பத்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கிரைண்டரின் மோட்டார் இன்னும் சிறியது. ஆனால் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீட்டு மின்சாரம் இலவசம் என்ற கணக்கில் வாழும் குடும்பத்துக்கு மிக்ஸி பகையில்லை. தினமும் இண்டக்‌ஷனில் சமைத்தால்தான் கை கடிக்கும்.

கிரைண்டரை ஏன் தரையில் வைத்திருக்கிறார் என்று கேட்டேன். “மேல வச்சா மாவு தள்ள எட்டாதுக்கா. கல்லை யார் தூக்குறது?” என்றார். டேப் எடுத்து அளந்தோம். மேடை 33 அங்குலம். டேபிள் டாப் கிரைண்டர் ஒரு அடிக்குக் குறையாது. அந்த மேடையில் வைத்தால் வாய் அவர் நெஞ்சுக்கு நேராக வந்துவிடும். அவர் உயரம் ஐந்தடி.

மேடை உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நிற்கும்போது முழங்கையை மடக்கினால் அது தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதற்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே நறுக்கும் மேடை இருக்க வேண்டும். ஐந்தடிப் பெண்ணுக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் வரும். ஆகவே மேடை 32 முதல் 34. அடுப்பு வைக்கும் பகுதி அதற்கும் கீழே போக வேண்டும், ஏனென்றால் அடுப்பே நான்கைந்து அங்குலம் தூக்கிவிடும், அதன்மேல் குழம்புச் சட்டி வேறு. மாவு அரைக்கும் இடம் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு திண்டு மாதிரி இருந்தால் போதும். கம்பெனி அளவான 36 அங்குலம் உயரமான ஐரோப்பியப் பெண்ணுக்குச் சரி. இங்கே அந்த உயரத்தில் சப்பாத்தி தேய்ப்பவர் தோளைத் தூக்கிக்கொண்டே தேய்ப்பார். சில ஆண்டுகளில் கழுத்தும் தோள்பட்டையும் வலிக்கத் தொடங்கும். பிறகு அந்த வலிக்கு வயது காரணம் என்பார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அக்கா பேச்சுவாக்கில் சொன்னார். ஆலையிலிருந்து வந்ததும் முதல் வேலை குளியல். வேலைச் சேலையை வெளியிலேயே அவிழ்த்து நனைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைப்பாராம். அவர் கையில் ஒட்டியிருப்பது மாவு இல்லை. அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு. நகக்கண்ணில் சாம்பல் நிறம் தங்கியிருக்கும். விழா நாளில்கூட முழுக்கப் போகாது. சேலை மடிப்பில் அந்தத் தூளோடு கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது எவ்வளவு ஆபத்து என்பது இந்தத் தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் குழாயில் தண்ணீர் நாள்விட்டு நாள்தான் வருகிறது. குடத்துத் தண்ணீரில் குளிப்பதா, சோறு வடிப்பதா என்று கணக்குப் பார்க்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கையை மட்டும் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அனுமதியில்லாமல் வீட்டிலேயே திரி செய்வதும் பட்டாசு சுற்றுவதும் இந்த வட்டாரத்தில் முழுக்க நின்றுவிடவில்லை. அங்கே அடுப்பும் மருந்தும் ஒரே கூரைக்குக் கீழே. அப்படிப்பட்ட வீடுகள் வெடித்த செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தது யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே பட்டாசுத் தொழிலாளி வீட்டுக்கு வேண்டிய அடுப்படி புறவாசலில் தொடங்குகிறது. வெளியே ஒரு குழாய், அதற்கென்று தனித் தொட்டி, சோப்பு வைக்க ஒரு மாடம், வேலைச் சேலையை மாட்ட வீட்டுச் சுவரில் படாமல் ஒரு கொடி. அதற்குப் பிறகுதான் மேடை, சன்னல், பரண். சிம்னி வாங்க முடியாத வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே புகைபோக இரண்டு துவாரங்கள் விட்டாலே தாளிக்கும் நெடி பாதி குறையும். ஈரத் தரையில் நின்று இயக்கும் கிரைண்டருக்கு எர்த்தோடு கூடிய மூன்று முனை பிளக் கட்டாயம் வேண்டும். நான் பார்த்த வீடுகளில் பலவற்றில் பிளக்கில் மூன்று துவாரம் இருந்தது. எர்த் கம்பி இருந்ததா என்பது வேறு விஷயம்.

எர்த்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் கடைத்தெருவில் மிக்ஸி பழுது பார்க்கும் அண்ணாச்சி. ஆறடிக்கு எட்டடிக் கடை. சுவர் முழுக்க ஜார்கள் தொங்கின. கம்பெனி மிக்ஸி, அரசு மிக்ஸி இரண்டும் அவரிடம் ஒரே பெஞ்சில்தான் படுத்திருந்தன.

“பாதி மிக்ஸிக்கு ஒண்ணுமே இருக்காதும்மா. அடியில ஒரு சிவப்பு பொத்தான் இருக்கு. சூடானா அதுவே கட் ஆகிடும். அதைத் திரும்ப அமுக்கினா ஓடும். தெரியாம தூக்கிட்டு வந்துடுறாக.”

“அதுக்கு என்ன வாங்குவீங்க அண்ணாச்சி?”

“அமுக்கிக் காட்டிட்டு அனுப்பிடுவேன். அதுக்கு என்ன வாங்குறது?”

கப்ளர் தேய்வது, ஜாரின் புஷ் லூசாகித் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்குவது, கார்பன் பிரஷ் தீர்ந்து தீப்பொறி பறப்பது: அவருக்கு வரும் வேலையில் பெரும்பகுதி இந்த மூன்றும்தான். எதுவும் பெரிய செலவில்லை. செம்புக் கம்பியில் சுற்றிய மோட்டார் என்றால் மறுபடி சுற்றித் தந்துவிடுவார். பழைய மிக்ஸியைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுங்கள் என்று நகரத்துக் கடைகள் கூவும்போது, இந்த ஆறடிக் கடைதான் ஆலங்குளத்தின் அடுப்படிகளை ஓடவைத்துக்கொண்டிருக்கிறது. மாடுலர் கிச்சன் வியாபாரத்தில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். தானே மூடிக்கொள்ளும் அந்த இழுப்பறையின் தண்டவாளம் பழுதானால், ஆலங்குளத்தில் அதைச் சரிசெய்ய யாரிடம் போவது?

மேடையையும் புறவாசலையும் அரசாங்கம் நினைத்தால் ஒரே ஆண்டில் மாற்றிவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். கிராமங்களில் குடிசைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு என்று 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. பிராங்க்பர்ட்டில் பத்தாயிரம் வீடுகளுக்கு ஒரு பெண் உட்கார்ந்து அடி அடியாக அளந்து யோசித்தார். எட்டு லட்சம் வீடுகளுக்கு மேடை உயரத்தை யார் யோசித்தார்கள்? 2015-இல் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்டு விற்றதும், 2021-இல் வலிமை என்ற பெயரில் சிமெண்டு கொண்டுவந்ததும், இந்த ஆலையை நடத்தும் அதே கழகம்தான். சிமெண்டு அரசாங்கத்துடையது, வீட்டுக்குப் பணம் அரசாங்கத்துடையது, மிக்ஸியும் அரசாங்கம் கொடுத்தது. அவை மூன்றும் சந்திக்கும் அந்த ஆறடி மேடைக்கு மட்டும் வரைபடம் இல்லை. கொத்தனார் கைப்பழக்கம்தான் வரைபடம்.

அப்படியொரு கொத்தனாரையும் பார்த்தேன். அக்காவின் தங்கை, அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பூச்சு முடிந்து மேடைக்குச் சுவர் எழும்பும் நேரம். நாங்கள் மூவரும் டேப்போடு போய் நின்றோம். தங்கை அக்காவைவிடக் குள்ளம். முழங்கை 36 அங்குலத்தில் வந்தது. நறுக்கும் மேடை 31, அடுப்பு மேடை 28, கிரைண்டருக்கு ஒரு திண்டு என்று சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டார்.

கொத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. “மேடை ஒரே மட்டத்துல இருந்தாத்தான் பார்க்க அழகு. ரெண்டு மட்டமா வச்சா கிரானைட்டை ரெண்டு துண்டா வெட்டணும். நடுவுல ஒரு ஓரத்துக்குப் பாலிஷ் தனியா கேப்பான், அடிக்கு இவ்வளவுன்னு. நாளைக்கு வாடகைக்கு விட்டா வர்றவுக என்ன உசரமோ?”

“வாடகைக்கு விடப் போறதில்ல மாமா” என்றார் தங்கை. “பாலிஷ் காசு போனஸ்ல எடுத்து வச்சிருக்கேன். வெளிய குழாயும் தொட்டியும் மட்டும் முதல்ல முடிச்சுக் கொடுத்துருங்க. திங்கக்கிழமை ஆலை திறக்குறாக.”

கொத்தனார் டேப்பை வாங்கி இரண்டாவது முறை தானே அளந்தார். செங்கல் ஒரு வரி குறைத்தால் 28 வருமா, பூச்சு கனத்தையும் சேர்த்தா என்று கேட்டார். கிரானைட் கனம் முக்கால் அங்குலத்தையும் சேர்த்து என்று அக்கா சொன்னார்.